இருபத்தொன்பதாம் வரிசைக்குப் பின்னால்

உட்காரச் சொன்னதற்கு நன்றி ஐயா. எனக்கு நின்றுகொண்டு பேசத்தான் வசதி. இருபத்திரண்டு வருடம் விமானத்தில் நின்றே வேலை பார்த்தவளுக்கு உட்கார்ந்தால் பேச்சு வராது. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "வீட்டுக்கு வர்றவங்ககிட்டயும் குனிஞ்சு நின்னு டீயா காபியான்னு கேக்குற. இது வீடும்மா, பிளேன் இல்ல" என்பார். அவருக்கு மருந்துக்கடையில் வேலை. அவரும் நாள் முழுக்க நிற்பவர்தான். என்ன, அவர் கடை ஆடாது.

நீங்கள் கேட்டதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கினால்தான் என் பக்கத்து நியாயம் புரியும்.

நான் பர்சர். ஒரு விமானத்தில் பணிபுரியும் பெண்களுக்கும் பையன்களுக்கும் தலைமை. கடைசி ஒன்பது வருடமாக மாதத்தில் பாதி நாள் பறப்பேன், மீதி நாள் பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுப்பேன். பள்ளி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சரக்குக் கிடங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் இறக்கை இல்லாத பழைய விமானம் ஒன்றை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஜன்னல்களுக்கு வெளியே மேகம் வரைந்திருக்கும். ஒன்பது வருடமாக அதே மேகம். அதற்குள் பொய்ப் புகை விட்டு, பொய்த் தீ மூட்டி, நிஜமாகவே வியர்க்க வைப்பேன். என்னிடம் படித்தவர்கள் என்னை அரக்கி என்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். தேர்வன்று அவர்களே காலில் விழுவார்கள்.

எங்கள் பிரிவின் இயக்குநரும் என்னிடம் வேலை பழகியவர்தான். சேர்ந்த புதிதில் முதல் பயணத்திலேயே ஒரு புது மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் தக்காளிச் சாற்றைக் கொட்டிவிட்டு, கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதார். வெளியே வரவைத்து, அந்த மாப்பிள்ளையிடம் அவருக்காக மன்னிப்புக் கேட்டது நான். அன்று முதல் நான் அவருக்கு அக்கா, அவர் எனக்குத் தம்பி. தம்பி மேலே மேலே போய்க் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்த பிறகும் அந்த முறை மாறவில்லை.

மூன்று வருடம் முன்பு என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"அக்கா, பக்கத்து நாட்டுல ஒரு கிளை போடறோம். ஆள அங்கயே எடுத்து அங்கயே தங்க வச்சுக்குவோம். நம்ம பாஷை பேசற பொண்ணுங்களாத்தான் பாத்து எடுக்கறாங்க. அவங்களுக்கு நம்ம பள்ளியில நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

"சம்பளம்?"

"அது ஏஜென்சி பாத்துக்கும். ரெண்டு வருஷக் கான்ட்ராக்ட்."

"அப்ப எங்க வேலை?"

அவர் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்க வேலைய எவன் தொடுவான்? இது புது விமானங்களுக்கு. நான் இந்த நாற்காலியில இருக்கற வரைக்கும் பழைய ஆள் ஒருத்தர்மேலயும் கை வைக்க விடமாட்டேன். என்மேல நம்பிக்கை இல்லையாக்கா?"

இருந்தது. அதுதான் விஷயம்.

என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் ஒருத்தி இருக்கிறாள், எங்கள் சங்கத்துக்குச் செயலாளர். அவள் வீட்டுக்கு வந்து கத்தினாள். "மண்வெட்டிய நீயே தீட்டிக் குடுக்குற. குழி யாருக்குன்னு கேட்டியா?" நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து, தம்பி வாக்குக் கொடுத்திருக்கிறான் என்றேன். "வாக்க வாங்கி வாசல்ல மாட்டு" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடிக்காமலே போய்விட்டாள்.

நான்கு குழுவுக்குப் பாடம் எடுத்தேன். நான்காவது குழுவில்தான் அந்தப் பெண் வந்தாள். எல்லாவற்றுக்கும் ஏன் ஏன் என்று கேட்பாள். அதனால் அவளுக்குக் 'கேள்வி' என்று பேர் வைத்தோம். அவளே அந்தப் பேரைச் சொல்லித்தான் தன்னை அறிமுகம் செய்துகொள்வாள்.

"அக்கா, தீய விடப் புகையப் பாத்து ஏன் பயப்படணும்?"

"தீ இருக்கற இடத்துலயே எரியும். புகை ஆளத் தேடி வரும்."

"பின்பக்க அடுப்புல தீன்னா, மூச்சு முட்டுனாக்கூட ஏன் அந்த இடத்த விட்டு நகரக் கூடாது?"

"நீ நகந்தா தீ பயணிங்ககிட்டப் போயிடும். மாத்து ஆள் வர்ற வரைக்கும் நிக்கணும்."

"வரலன்னா?"

"வருவோம். அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எட்டு வாரத்தில் அந்தக் குழுவிலேயே முதலாவதாக வந்தாள். உள்ளதைச் சொல்கிறேன், என் இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. பதறாத கை.

அந்தக் கடிதம் வந்த நாளில் நான் ஐந்தாவது குழுவுக்குப் புகைப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் எல்லோரும் கைபேசியை ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும், என்னுடையதும் அதில்தான். திடீரென்று கூடை முழுக்க அதிர ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தால் அத்தனையும் என்னுடைய ஒரே கைபேசிக்கு வந்த அழைப்புகள், கூடவே மின்னஞ்சலில் அந்தக் கடிதம். பழைய ஆட்கள் நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு வேலை இல்லை. ஆறு மாத அவகாசம். உங்கள் பங்களிப்பை என்றும் மதிக்கிறோம். என்னுடையதில் மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது: ஐந்தாவது குழுவின் பயிற்சியை முடித்துக் கொடுத்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வகுப்பை முடித்துக் கொடுத்தேன். பாதியில் விட்டுப் பழக்கம் இல்லை.

தம்பியின் எண்ணுக்கு அழைத்தால் உதவியாளர் எடுத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றாள். நான்கு நாள் அதே மீட்டிங். ஐந்தாம் நாள் மின்தூக்கி வாசலில் பிடித்தேன். "என் கையில ஒண்ணுமே இல்லக்கா" என்றார். கையில் ஒரு கோப்பு இருந்தது. மேலே தெரிந்த காகிதம் நான்காவது குழுவின் தேர்ச்சிப் பட்டியல். கீழே என் கையெழுத்து. அதை நான் பார்த்ததை அவர் பார்த்தார். கதவு திறந்ததும் உள்ளே போய்விட்டார். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அறுக்கிறபோது வலிக்காது ஐயா. வீட்டுக்கு வந்து சீருடையை மடித்து வைக்கும்போதுதான் தெரியும்.

வீட்டுக்காரர், "விடு, இருபத்திரண்டு வருஷம் நின்னது போதும், கொஞ்சம் உக்காரு" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். அன்றைக்கு அவரோடும் பேசவில்லை.

சங்கம் சும்மா இருக்கவில்லை. நிர்வாகத்தோடு மூன்று முறை உட்கார்ந்தது. மூன்றாவது முறை பேசிவிட்டு வந்து செயலாளர் எங்களிடம் சொன்னாள்: "ஏஜென்சிப் பிள்ளைங்களால ஒரு ஆபத்த சமாளிக்க முடியாது, அதுக்கு அனுபவம் வேணும்னு சொன்னேன். அவங்க சிரிக்கறாங்க. ஒரு வருஷமா பறக்கறாங்களே, ஒரு சம்பவம் காட்டுங்கங்கறாங்க. நான் எதக் காட்ட?"

பின்வரிசையிலிருந்து ஒருவன், "பயிற்சி குடுத்ததே நம்ம அக்காதானே, அப்புறம் எப்படிச் சம்பவம் வரும்" என்று சொல்லிச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவனை நாங்கள் ஜோக்கர் என்போம், நல்ல பையன்.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் யோசித்தேன். நிர்வாகம் கேட்டதில் தப்பில்லை என்று தோன்றியது. ஒரு சம்பவம்தான் குறை. பெரிதாக வேண்டாம். யாருக்கும் அடிபடாத, இரண்டு நிமிடத்தில் முடிந்துபோகிற, காகிதத்தில் எழுதிக் காட்டக்கூடிய ஒன்று. புதிய பெண் பதறுகிறாள், பழைய ஆள் வந்து கையாளுகிறாள். அந்தப் பெண்ணுக்கும் அது ஒரு பாடமாக இருக்கும். நூற்றுப் பதினெட்டுக் குடும்பம். ஒரு அடுப்பு. நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

ஏன் அவள் என்று கேட்பீர்கள். அவளை நான் தேர்ந்தெடுக்கவில்லை, பணிப்பட்டியலில் அப்படி விழுந்தது.

அந்தக் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைக்கிறீர்கள். சரி. அது என் கையெழுத்துதான். அந்த நாளுக்கு அவளை நான்தான் மாற்றிக் கேட்டிருந்தேன். சுமாரான ஒருத்தி தடுமாறினால், அந்த ஒருத்தி சுமார் என்று முடித்துவிடுவார்கள். முதலாவதாக வந்தவளே தடுமாறினால்தானே பேச்சுக்குக் கனம்? அவளே என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம் என்று யோசிப்பார்கள். இதில் அவள்மீது கோபம் எதுவும் கிடையாது. சொல்லப்போனால் மரியாதைதான்.

பகல் விமானம், இரண்டரை மணி நேரப் பயணம். நாங்கள் நான்கு பேர். முன்பக்கம் நானும் ஒரு புதுப் பெண்ணும், பின்பக்கம் ஜோக்கரும் கேள்வியும். வால் பக்கம், இருபத்தொன்பதாம் வரிசைக்குப் பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் குட்டிச் சமையலறை. நாங்கள் அதைப் பின்கட்டு என்போம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்பினால் முட்டிக்கொள்ளும். இரண்டு அடுப்பு, ஒரு தீயணைப்பான், மாட்டினால் புகைக்குள்ளும் மூச்சு விட முடிகிற முகமூடி ஒன்று, அதற்கு ஒரு பெட்டி.

பயணிகள் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் இடத்துச் சாமானைத் திறந்து பார்க்க வேண்டும். கேள்வி காலையிலிருந்து சாப்பிடவில்லை. அது அவள் மூன்றாவது பயணம் அன்றைக்கு. நான் பின்னால் போய், "நான் எல்லாத்தையும் பாத்துட்டேன்மா, நீ உக்காந்து ரெண்டு வாய் சாப்பிடு" என்றேன்.

"நான் ஒரு தடவ பாத்துடறேனேக்கா."

"நான் பாத்தா போதாதா?"

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "ஐயோ, அதுக்கில்லக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் பெட்டியிலிருந்து எடுத்த முகமூடி அப்போது என் கைப்பையில் இருந்தது. முன்பக்கம் கொண்டுபோய் வைத்தேன். அடுப்பில் இருக்கக் கூடாத ஒன்றை இரண்டாம் எண் அடுப்புக்குள், தட்டுகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். என்னவென்று உங்கள் ஆய்வக அறிக்கையிலேயே இருக்கிறது.

முகமூடியை ஏன் எடுத்தேன் என்றால், அது இருந்தால் அவளுக்கு என் தேவை இருக்காது.

பறந்து நாற்பது நிமிடம் ஆனதும், முன்பக்கக் கழிவறைக் கதவு மாட்டிக்கொண்டது என்று ஜோக்கரைக் கூப்பிட்டேன். அந்தக் கதவு எப்போதுமே மாட்டும். அவன் திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது உள்தொலைபேசி மூன்று முறை அடித்தது.

"அக்கா, பின்கட்டு. ரெண்டாவது அடுப்புல தீ. கதவ மூடிட்டேன், கரண்ட்ட வெட்டிட்டேன். முகமூடி பெட்டியில இல்ல. உங்களோடத எடுத்துட்டு வாங்க."

நான் எப்படிச் சொல்லிக் கொடுத்தேனோ அதே வரிசை. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அவள் பதறுவாள் என்று நினைத்திருந்தேன். "வர்றேன்" என்றேன். விமானிக்குத் தகவல் சொன்னேன். முகமூடியை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஓடக் கூடாது, ஓடினால் பயணிகள் பயப்படுவார்கள். இதுவும் பாடத்தில் இருப்பதுதான்.

இருபத்தொன்பதாம் வரிசையில் புகை வாடை வர ஆரம்பித்திருந்தது. அங்கே ஆறு பேர். அவர்களை முன்னால் அனுப்பினேன். ஒவ்வொருவராக, தோளைத் தொட்டு, மெதுவாக. ஒரு அம்மாவின் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் அனுப்ப ஆள் இல்லை. திரை ஓரத்தில் இரண்டு விரல் அளவுக்கு விலகியிருந்தது. பயணிகள் பார்க்கக் கூடாதென்று அவளேதான் இழுத்து மூடியிருக்கிறாள்.

உள்ளே பார்த்தேன். ஈரத் துண்டை முகத்தில் கட்டியிருந்தாள். அடுப்புக் கதவை ஒரு விரற்கடை திறந்து, தீயணைப்பானைப் பீய்ச்சி, மூடினாள். எண்ணினாள். மறுபடி திறந்து பீய்ச்சினாள். தீ அடங்கிவிட்டது. புகை மட்டும்தான். கறுப்பாக, எண்ணெய் மாதிரி. அவள் நகரவில்லை. அடுப்புக் கதவில் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். துண்டு கறுத்துவிட்டது. "அக்கா" என்று கூப்பிட்டாள். கத்தவில்லை. பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவது மாதிரி.

இந்த இடத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் அப்போது உள்ளே போயிருந்தால் அறிக்கையில் என்ன எழுதுவார்கள்? ஏஜென்சிப் பெண் தனி ஆளாக, முகமூடிகூட இல்லாமல், இரண்டு நிமிடத்தில் தீயை அணைத்தாள் என்று எழுதுவார்கள். நூற்றுப் பதினெட்டுப் பேரின் கதையும் அன்றோடு முடிந்திருக்கும். அவள் ஒரே ஒரு தப்புச் செய்தால் போதும். அந்த இடத்தை விட்டு ஒரு அடி வெளியே வந்தால் போதும், உடனே போய்விடுவேன். வருவாள் என்று காத்திருந்தேன். அவள் வரவே இல்லை.

நான் திரைக்கு வெளியே நின்றது ஒன்றரை நிமிடம் என்று பயணி ஒருவர் சொல்லியிருப்பதாகச் சொன்னீர்கள். அவர் குறைத்துச் சொல்கிறார். மூன்று நிமிடம்.

ஜோக்கர் ஓடி வந்தான். "அக்கா, என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க?" என் கையிலிருந்து முகமூடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போய் அவளை இழுத்து வந்தான். அப்போது உட்கார்ந்த நிலையில் இருந்தாள், கை மட்டும் அடுப்புக் கதவிலேயே. பிறகு அவன் என்னிடம், "உறைஞ்சு போயிட்டீங்கக்கா, யாருக்கும் வரும், நான் இத யார்கிட்டயும் சொல்லல" என்றான். இன்று வரை சொல்லவில்லை. நல்ல பையன் என்றேனே.

பக்கத்திலிருந்த விமான நிலையத்தில் இறங்கினோம். ஆம்புலன்சில் ஏற்றும்போது அவளுக்கு நினைவு இருந்தது. என் விரலைப் பிடித்தாள். "பெட்டிய நான் பாத்திருக்கணும்க்கா. மன்னிச்சிடுங்க" என்றாள். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"பரவால்லம்மா" என்றேன்.

மறுநாள் காலையில் போய்விட்டாள்.

அவள் அப்பா வந்திருந்தார். பேருந்து ஓட்டுபவர். அலுவலக வராந்தாவில் யாரைப் பார்த்தாலும் ஒன்றையே சொன்னார்: "என் பொண்ணு எதையும் பாக்காம தொடமாட்டா சார். வீட்ல கேஸ் மூடியிருக்கான்னு மூணு தடவ பாப்பா." என்னிடமும் சொன்னார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

நான் நினைத்தபடியே எல்லாம் நடக்கும் என்றுதான் இருந்தேன். சங்கம் அந்தச் சம்பவத்தை எடுத்துக்கொண்டு போனது. நிர்வாகமும் விசாரணை வைத்தது. எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்தார்கள், பயணிகளைப் பத்திரமாக நகர்த்தியதற்கு. தம்பி கையாலேயே. கண் கலங்கி, "நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்க்கா" என்றார்.

இரண்டு மாதத்தில் விசாரணை அறிக்கை வந்தது. அந்தப் பெண் பறப்பதற்கு முன் முகமூடியைச் சோதிக்கவில்லை. அடுப்புக்குள் வேண்டாத பொருளைக் கவனிக்கவில்லை. புகைக்குள் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பதினான்காம் பக்கத்தில் காரணம் போட்டிருந்தார்கள்: பயிற்சிக் குறைபாடு. ஆகவே இங்குள்ள பயிற்சிப் பள்ளியை மூடிவிட்டு, அதையும் பக்கத்து நாட்டுக்கே, ஏஜென்சியிடமே கொடுத்துவிடுவது. அவ்வளவுதான். நூற்றுப் பதினெட்டுப் பேரும் அதே தேதியில் வெளியே. நான் மட்டும் அதற்கும் முன்னாலேயே.

செயலாளர் ஃபோன் செய்தாள். ஆறுதல் சொல்லத்தான் என்று எடுத்தேன். "நீ அந்தப் பிள்ளைக்கு ஒழுங்கா சொல்லிக் குடுத்திருந்தா இன்னிக்கு அவ உயிரோட இருந்திருப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். தம்பி வாக்குத் தவறியதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

அதனால்தான் நானே உங்களைத் தேடி வந்தேன். மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன், எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். அந்த அறிக்கையில் பதினான்காம் பக்கத்தை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். அவள் கதவை மூடினாள், மின்சாரத்தை வெட்டினாள், எண்ணிப் பீய்ச்சினாள், கடைசி வரை நின்றாள். ஒரு இடத்தில்கூடத் தப்பு இல்லை. என் பாடத்தில் ஒரு குறையும் கிடையாது ஐயா.